முதுகில் என் பெயர்

டென்வர்
21 ஏப்ரல் 2024

அன்புள்ள அண்ணைக்கு,

தம்பி எழுதுகிறேன். மூன்று தடவை போன் எடுத்தேன். மூன்று தடவையும் வைத்துவிட்டீர்கள். நான்காம் தடவை அண்ணி எடுத்து, "அவர் குளிக்கிறார்" என்றார். இரண்டு மணித்தியாலம் கழித்து எடுத்தபோதும் குளித்துக்கொண்டிருந்தீர்கள். பரவாயில்லை. இந்த விஷயத்தைப் போனிலும் வாட்ஸ்அப்பிலும் கதைக்க வேண்டாம் என்று என் லோயர் சொல்லியிருக்கிறார். அதுதான் கடிதம். ஸ்காபரோவில் சனிக்கிழமை வகுப்பில் படித்த தமிழ் இது, பிழை இருந்தால் சிரிக்காதீர்கள்.

லோயர் நடந்ததை ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னார். எழுதிப் பார்த்தால் அரைப் பக்கம்கூட வரவில்லை. 2001. பிள்ளை இல்லாத பெரியப்பா கனடாவுக்குத் தத்தெடுத்தது மூத்தவன் சஞ்சயனை. வயது பதினொன்று. பயணத்துக்கு முதல் நாள், கொழும்பில் நாங்கள் தங்கியிருந்த லொட்ஜில், சஞ்சயனுக்குக் கொப்புளிப்பான் கண்டது. கொப்புளத்தோடு பிளேனில் ஏற்ற மாட்டார்கள். விசாவும் அந்தக் கிழமையோடு முடிகிறது. இளையவன் சுஜீத்துக்கு ஒன்பது வயது, ஆனால் நல்ல வளர்த்தி. இரண்டு பேரும் ஒரே அச்சு. அம்மா அவனை அந்தப் பாஸ்போர்ட்டில் ஏற்றி அனுப்பினா. அன்றிலிருந்து நான் சஞ்சயன். எட்டு வருடம் கழித்து நீங்கள் லண்டனுக்கு வரும்போது உங்கள் பெயரில் ஏற்கெனவே ஒருத்தன் கனடாவில் இருந்தான். அதனால் என் பிறப்புச் சான்றிதழில் வந்தீர்கள். அன்றிலிருந்து நீங்கள் சுஜீத்.

இனி என் வேலை. பேஸ்போலில் நான் ஆட்டத்தைத் தொடங்குகிற ஆள் இல்லை. தொடங்கியவன் களைத்தோ குழப்பியோ போன பிறகு பந்து எறிய வருகிற ரிலீஃப் பிட்சர். மைதானத்தின் ஒரு மூலையில் வேலிக்குப் பின்னால் எட்டுப் பேர் குந்தியிருப்போம். அங்கே ஒரு போன் இருக்கிறது. அது அடித்தால் யாராவது ஒருவன் எழும்பிக் கையைச் சூடாக்க வேண்டும். சில நாள் சூடாக்கிவிட்டுத் திரும்பவும் குந்துவோம். ஏழு வருடம் சின்ன ஊர் அணிகளில் பஸ்ஸில் திரிந்துதான் பெரிய அணிக்கு வந்தேன். அப்போது எனக்கு இருபத்தேழு. கடதாசியில் இருபத்தொன்பது.

என் ஒப்பந்தம் இந்த வருடத்தோடு முடிகிறது. முப்பத்திரண்டு வயதுக்காரன் என்றால் இன்னும் மூன்று வருடம் தருவார்கள். கடதாசியில் எனக்கு முப்பத்துநான்கு. முப்பத்துநான்கு வயதுக் கைக்கு ஒருவரும் மூன்று வருடம் எழுத மாட்டார்கள் என்று ஏஜென்ட் சொல்கிறான்.

அண்ணை, அந்த இரண்டு வருடத்தையும் எனக்குத் திருப்பித் தாருங்கள். நீங்களும் அம்மாவும் உண்மையைச் சொல்லி ஒரு சத்தியக்கடதாசி முடித்துத் தந்தால் போதும். நான் அப்போது ஒன்பது வயதுப் பிள்ளை, குற்றம் என்மேல் வராதாம். நீங்கள் லண்டனுக்கு வரும்போது பத்தொன்பது என்பதால் உங்களுக்குக் கொஞ்சம் சிக்கல் வரலாம் என்றார். பெரிதாக இராது என்று நினைக்கிறேன்.

அன்புடன்
தம்பி


வால்தம்ஸ்டோ, லண்டன்
6 மே 2024

தம்பி,

சுகமா என்று கேட்கவில்லை. சுகமாய்த்தான் இருக்கிறாய். அம்மா என் சோஃபாவில் சாய்ந்துகொண்டு, என் கரண்டில், உன்னைப் பெரிய திரையில் பார்க்கிறா. நீ துப்பினாலும் பார்க்கிறா. "பிள்ளை மெலிஞ்சு போனான்" என்று என்னிடம் முறைப்பாடு. இரட்டை ஷிப்ட் முடித்துவிட்டுக் கூழாகி வந்து நிற்கிற பிள்ளையைப் பார்த்துத்தான் சொல்கிறா.

கொஞ்சம் சிக்கலா? என்ன வாயடா உனக்கு! இங்கே ஒரு லோயரிடம் போய், "என் நண்பன் ஒருத்தனுக்கு" என்று தொடங்கிக் கேட்டேன். அந்த மனுசி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "உங்கடை நண்பர் பிரஜாவுரிமையை இழக்கலாம்" என்றா. வெளியே வந்து பஸ் தரிப்பிடத்தில் இருந்தேன். நான் ஏற வேண்டிய பஸ் எனக்கு முன்னால் போனது, நான் ஏறவில்லை. பாஸ்போர்ட், பஸ் ஓட்டுகிற லைசென்ஸ், வீட்டுப் பத்திரம், கலியாணச் சான்றிதழ், எல்லாவற்றிலும் சுஜீத். அதில் ஒன்றை உருவினால் மிச்சம் எல்லாம் சரியும். உன் அண்ணி பிரியம்வதா என்னைச் சுஜீத் என்று நினைத்துக் கழுத்தை நீட்டவில்லைதான், அவளுக்கு எல்லாம் தெரியும். ஆனால் அரசாங்கம் அவளைச் சுஜீத்துக்குத்தான் கட்டிக் கொடுத்திருக்கிறது.

என் மகளின் பெயர் என்ன? தனுஷியா சுஜீத். தகப்பன் பெயர்தானே எங்கள் பிள்ளைகளுக்கு! நான் பெற்ற பிள்ளை, ஏழு வயது, கொப்பியில் உன் பெயரை எழுதிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறது. உன் விளையாட்டுச் சேட்டின் முதுகிலோ என் பெயர். ஊர்க் கடதாசியில் அப்பாவின் பெயர் முன்னுக்கு, எங்கள் பெயர் பின்னுக்கு. கடைசியில் கிடப்பதுதான் குடும்பப் பெயர் என்று கனடாக்காரன் எழுதிவிட்டான். இல்லாவிட்டால் நீ பாலேந்திரா என்று போட்டுக்கொண்டு ஓடியிருப்பாய், எனக்கும் கொஞ்சம் ஆறுதலாய் இருந்திருக்கும்.

எனக்கு எரிகிறது. ஒளிக்காமல் சொல்கிறேன். அந்தப் பிளேன் என்னுடையது. அந்தக் குளிர் என்னுடையது, அந்தப் பெரியப்பா என்னுடையவர். நான் போயிருந்தால் பந்து எறிந்திருப்பேனா என்று கேட்பாய். எறிந்திருப்பேனடா! எங்கள் ஒழுங்கையில் மாங்காய் விழுத்தினது யார், நீயா?

மற்றவன் குழப்பினதைத் துடைக்கிறது உன் வேலை என்று எழுதியிருக்கிறாய். அதைச் சம்பளமில்லாமல் செய்தவன் நான். அப்பா இங்கே வந்து பாரிசவாதத்தில் விழுந்தபோது ஐந்து வருடம் தூக்கிக் குளிக்க வார்த்தது நான். அவர் கண் மூடும்போது "சின்னவன் கதைச்சவனே?" என்று கேட்டார். தலைமாட்டில் நின்றவனை அல்ல, உன்னைத்தான் கேட்டார்.

இரண்டு வருடம் கேட்கிறாய். நான் இருபத்து மூன்று கேட்கட்டா? ஏலாது.

அண்ணை


பால்ட்டிமோர்
23 மே 2024

அண்ணைக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று நாள் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். வேலிக்குப் பின்னால் குந்தியிருக்கும்போது வாசித்தேன். பக்கத்தில் இருந்தவன் இது என்ன எழுத்து, காதல் கடிதமா என்று கேட்டான். ஓம் என்றேன்.

உங்களுக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். நான் இறங்கின முதல் கிழமை முழுக்கப் பெரியப்பா எனக்குப் பின்னால் நின்று "சஞ்சயன்" என்று கூப்பிட்டுப் பார்த்தார். நான் திரும்பாவிட்டால் திரும்பவும் கூப்பிடுவார். அடிக்கவில்லை, கோபிக்கவில்லை, கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். ஆறாம் நாள் திரும்பினேன். அவர் சந்தோசத்தில் ஐஸ்கிரீம் வாங்கித் தந்தார். நான் அதை மலசலகூடத்துக்குள் வைத்து, அழுதுகொண்டு தின்றேன்.

பள்ளிக்கூடத்தில் உங்கள் வயதைப் பார்த்து என்னை இரண்டு வகுப்பு மேலே போட்டார்கள். எல்லாப் பிள்ளைகளும் என்னைவிடப் பெரியவர்கள். இங்கிலிஷ் தெரியாது, கணக்கு விளங்காது. எறிய மட்டும் ஏலுமாய் இருந்தது. அந்தப் பெரிய பிள்ளைகளுக்கு எறிந்து எறிந்துதான் கை இப்படி வந்தது. விளையாட்டு வாத்தியார் பார்த்தார். பிறகு நடந்தது எல்லாம் உங்களுக்குத் தெரியும்.

நீங்கள் அம்மாவின் சோறு தின்றீர்கள். காய்ச்சலுக்கு அம்மா நெற்றியில் கை வைத்தது உங்களுக்கு. அப்பாவைத் தூக்கினேன் என்று சொல்கிறீர்கள். எனக்குத் தூக்கக் கிடைக்கவில்லை, அண்ணை. அவர் செத்த அன்று நான் ஒரு சின்ன ஊரில் நாற்பது சனத்துக்கு முன்னால் எறிந்துகொண்டிருந்தேன். எனக்கும்தான் எரியும்.

ஜூன் இரண்டாம் கிழமை எங்கள் அணி லண்டனுக்கு வருகிறது. ஸ்ட்ராட்பேர்ட் மைதானத்தில் இரண்டு ஆட்டம். வாசலில் நாலு டிக்கெட் உங்கள் பெயரில் வைக்கிறேன். அதாவது என் பெயரில். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வரட்டா? கையெழுத்துக் கேட்டு வரவில்லை. சாப்பிட வருகிறேன்.

தம்பி


வால்தம்ஸ்டோ
12 ஜூன் 2024

தம்பி,

வெள்ளிக்கிழமை எனக்கு ஷிப்ட் இருக்கவில்லை. டிப்போக் கன்ரீனில் இருந்து, ஆறு கோப்பை தேத்தண்ணி குடித்து, பிரியம்வதா "போயிட்டார்" என்று மெசேஜ் போட்ட பிறகுதான் வீட்டுக்கு வந்தேன். அவள் இன்னும் என்னோடு கதைக்கவில்லை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் இன்னொருத்தனின் ஷிப்டைக் கெஞ்சி வாங்கினேன்.

வந்தால் வீடெல்லாம் நண்டுக்கறி மணம். அம்மா எனக்கு நண்டுக்கறி வைத்து எத்தனை வருடம்? கேட்டால், "உடைக்கக் கை நோகுது" என்பா. அன்றைக்கு நோகவில்லையாம்.

அதுகூடப் பரவாயில்லை. கதவைத் திறந்து உன்னைக் கண்டதும் அம்மா "என்ரை சஞ்சு" என்று கட்டிப்பிடித்தாவாம். தனுஷியா நடித்துக் காட்டினாள். பதினைந்து வருடமாய் அம்மா என்னைச் சுஜீத் என்றுதான் கூப்பிடுகிறா. முதலில் பயத்தில், பக்கத்து வீட்டுக்குக் கேட்கும் என்று. பிறகு பழகிவிட்டது. கதவைச் சாத்திவிட்டு, சமையலறையில் வைத்து, ஒரு தரம் என் காதுக்குள் கூப்பிட்டால் என்ன? என் பெயர் அம்மாவின் வாயில் இருக்கிறது. எனக்கு வருவதில்லை, உனக்கு வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை 257 ஓட்டினேன். வால்தம்ஸ்டோவிலிருந்து ஸ்ட்ராட்பேர்ட். லெய்ட்டனில் ஒரு வெள்ளைக்காரன் ஏறினான், மலை மாதிரி ஆள். காசு அட்டையைத் தட்டிவிட்டுத் திரும்பினான். முதுகில் கொட்டை எழுத்தில் என் பெயர். பஸ்ஸை எடுக்க மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன், பின்னாலிருந்து ஹோர்ன் அடித்தார்கள். சிக்னலில் நிற்கும்போது, "முதுகில் இருப்பது யார்?" என்று கேட்டேன். "எங்கள் அணியில் எட்டாவது இன்னிங்ஸுக்கு வருவான். எவ்வளவு நெருக்கடியிலும் கை நடுங்காத ஆள்" என்றான். இறங்கும்போது என் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்து, "நன்றி, சுஜீத்" என்றான்.

இடைவேளைக்கு ஸ்ட்ராட்பேர்ட் பஸ் நிலையத்தில் இருந்து போனில் ஸ்கோர் பார்த்தேன். எட்டாவது இன்னிங்ஸ், எதிரணியில் இரண்டு பேர் ஓட்டம் எடுக்கப் பேஸில் நிற்கிறார்கள், நீ வருகிறாய். உண்மையைச் சொல்கிறேன், அடி வாங்கட்டும் என்று நேர்ந்தேன். நன்றாய் வாங்கட்டும், அம்மாவுக்கு முன்னால் வாங்கட்டும் என்று பிள்ளையாரைத் துணைக்குக் கூப்பிட்டேன். நீ அடிக்க வந்த மூன்று பேரையும் வரிசையாய் வெளியே அனுப்பினாய். பிள்ளையாரும் உன் பக்கம்தான்.

திரும்பும்போது பஸ் நிரம்பி வழிந்தது. மேல்தட்டில் காலால் தட்டித் தட்டி "சஞ்சயன், சஞ்சயன்" என்று பாடினார்கள். ஒரு பஸ் நிறைய என் பெயர், ஒருத்தரும் என்னைக் கூப்பிடவில்லை. லீ பிரிட்ஜ் ரோட்டில் கண் மங்கிவிட்டது. துடைத்துக்கொண்டுதான் ஓட்டினேன்.

அம்மாவும் பிரியம்வதாவும் பிள்ளையும் நீ வைத்த டிக்கெட்டில் போனார்கள். தனுஷியா நீ கொடுத்த சேட்டைக் கழற்றாமல் படுக்கிறாள். நான் இன்னும் ஏலாது என்றுதான் சொல்கிறேன்.

அண்ணை


சிக்காகோ
1 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அண்ணைக்கு,

போன திங்கட்கிழமை ஏழாவது இன்னிங்ஸில் போன் அடித்தது. எழும்பினேன், சூடாக்கினேன், போனேன். நாலாவது பந்து கையை விட்டுப் போகும்போது முழங்கைக்குள் சீலை கிழிகிற சத்தம் கேட்டது. பந்து எங்கே போனது என்று பார்க்கவில்லை. நேற்று ஸ்கான் எடுத்தார்கள். வெட்டித் தைத்தாலும் ஒன்றரை வருடம் எறிய ஏலாது. அதற்குப் பிறகு எனக்கு முப்பத்துநான்கு என்றால் என்ன, முப்பத்தாறு என்றால் என்ன? அணி என்னை விட்டுவிட்டது. லொக்கரில் இருந்த சாமானைப் பெட்டியில் போட்டுத் தந்தார்கள். கதவில் இருந்த பெயர்ப் பலகையையும் கழற்றி மேலே வைத்திருந்தார்கள்.

ஆகவே சத்தியக்கடதாசி வேண்டாம். நீங்கள் சொன்னதுதான் சரி. உங்கள் வீடும் பாஸ்போர்ட்டும் பிள்ளையும் அப்படியே இருக்கட்டும். நான் கேட்டது மடத்தனம்.

இன்னொன்று இருக்கிறது. இதை எழுதத்தான் இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன்.

கொழும்பு லொட்ஜில் அம்மா உங்களுக்குப் பயணத்துக்கென்று கறுப்புச் சப்பாத்து வாங்கித் தந்தா. எனக்கு ஒன்றும் இல்லை. நீங்கள் அதைப் போட்டுக்கொண்டு கட்டிலைச் சுற்றிச் சுற்றி நடந்தீர்கள், டக் டக் என்று. பின்னேரம் குளிக்கும்போது உங்கள் முதுகில் மூன்று கொப்புளம் கண்டேன். நீங்கள் என் வாயைப் பொத்தி, "அம்மாட்டைச் சொல்லாதை, சத்தியம் பண்ணு" என்றீர்கள். பண்ணினேன். நீங்கள் நித்திரையான பிறகு அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்து, சேட்டைத் தூக்கிக் காட்டினேன்.

பயத்தில் காட்டவில்லை. உங்களுக்குச் சுகமாக வேண்டும் என்றும் காட்டவில்லை. பொறாமை, அண்ணை. நீங்கள் போகக் கூடாது, அவ்வளவுதான். நான் போவேன் என்று நினைக்கவேயில்லை. முகத்துக்குக் கொப்புளம் வர இரண்டு நாள் எடுத்ததாம். அதற்குள் நீங்கள் ஸ்காபரோவில் இறங்கியிருப்பீர்கள். விடிய அந்தச் சப்பாத்தை அம்மா எனக்குப் போட்டுவிட்டா. பெரிது என்று முன்னுக்குப் பஞ்சு அடைத்தா.

உங்களுக்கு என்ன சொல்ல வேண்டுமோ சொல்லுங்கள். போனிலும் சொல்லலாம், நான் வைக்க மாட்டேன்.

தம்பி


வால்தம்ஸ்டோ
15 ஆகஸ்ட் 2024

தம்பி,

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. அதற்கு முதல் கிழமையே சத்தியக்கடதாசியில் கையெழுத்து வைத்தாகிவிட்டது. நான் ஒன்று, அம்மா ஒன்று. ஒரு பிரதி உன் லோயருக்கு, ஒரு பிரதி இங்கே குடிவரவைப் பார்க்கிற ஹோம் ஒஃபிஸுக்கு. இனித் திருப்பி வாங்க ஏலாது.

உனக்காகச் செய்தேன் என்று நினைத்து அழாதே. ஜூலையில் பள்ளிக்கூடம் மூடின அன்று தனுஷியா என் மடியில் ஏறி இருந்து, "அப்பா, என்ரை பேரைத் தனுஷியா சஞ்சயன் எண்டு மாத்துவமே? சித்தப்பான்ரை பேர் மாதிரி" என்று கேட்டாள். நான் பெற்ற பிள்ளை என் பெயரைத்தான் கேட்கிறது, ஆனால் உன்னை நினைத்துக் கேட்கிறது. என் பெயரைப் பார்த்தே எனக்குப் பொறாமை வந்தது. இப்படியும் ஒரு மனிசன் இருப்பானா? கையெழுத்து வைக்கப்போகிறேன் என்று அன்றே பிரியம்வதாவிடம் சொன்னேன். ஒரு கிழமை சண்டை பிடித்தாள். பிறகு, "பிடிபடுறதுக்குப் பயந்து பயந்து நீங்கள் என்னோடை ஒரு நாளும் முழுசாய் இருந்ததில்லை. போய் வையுங்கோ" என்றாள். என்ன நடக்கும் என்று இங்கத்தைய லோயருக்கே தெரியாது. பாஸ்போர்ட் போகலாம். ஒன்றும் நடக்காமலும் விடலாம். வேலையில் சொல்லிவிட்டேன். இப்போதைக்கு வீட்டில் இருக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

இனிச் சப்பாத்துக் கதைக்கு வருகிறேன்.

வாசித்துவிட்டு உன்னைக் கண்டபடி ஏசினேன். சமையலறையில் நின்று, ஊரில் கேட்ட தூசணம் எல்லாவற்றையும் எடுத்து ஏசினேன். அம்மா காதைப் பொத்தினா. கடிதத்தை அவவுக்கு முன்னால் போட்டு, "இது உண்மையே?" என்று கேட்டேன். அவ ஓம் என்று தலையாட்டினா. தெரிந்திருந்தும் இருபத்து மூன்று வருடம் வாயைத் திறக்கவில்லை. இரண்டு நாள் அவவோடு கதைக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை பல் விளக்கும்போது சிரிப்பு வந்தது. ஏனென்று கேள். எங்கள் இரண்டு பேரில் எரிகிறவன் நான் மட்டும்தான், உனக்கு அது என்னவென்றே தெரியாது என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். எனக்கு முதல் எரிந்தது உனக்கா! அதுவும் என்னைப் பார்த்து! பாழாய்ப்போன ஒரு சோடிச் சப்பாத்தோடு, பொறாமைப்படுகிற அளவுக்கு நானும் ஒரு நாள் நின்றிருக்கிறேன். அந்த ஒரு நாளை நீ மட்டும்தான் பார்த்திருக்கிறாய். மன்னிக்கவில்லை. ஆனால் நீ எழுதியது நல்லது.

கை ஆறினதும் இங்கே வா. கன்ரீனுக்கு ஓட மாட்டேன், ஓடக் கன்ரீனும் இப்போது இல்லை. நண்டை நானே உடைக்கிறேன், உனக்குக் கை ஏலாது. வாசலில் உன்னைச் சுஜீத் என்று கூப்பிடுவேன். ஆறு நாள் எடுத்தாலும் பரவாயில்லை, திரும்பு.

இன்னும் ஒன்று. நீ எறிந்தது மொத்தம் இருநூற்று அறுபத்தெட்டு ஆட்டம் என்று இணையத்தில் பார்த்தேன். எல்லாம் என் பெயரில் கிடக்கிறது. உன் பெயர் உனக்கு வந்ததும் அவற்றையும் உன் பெயருக்கு மாற்றித் தருகிறோம் என்று உன் ஏஜென்டோ லோயரோ வந்து நிற்பார்கள். வேண்டாம் என்று சொல்லு. மிச்சம் எல்லாவற்றையும் எடு. அந்த இருநூற்று அறுபத்தெட்டும் எனக்கு வேண்டும்.

இப்படிக்கு
பா. சஞ்சயன்